குதிரையேறி வந்த தாதி

பிரசவ வலி நேரம் பார்த்து வருவதில்லை. நள்ளிரவில் வரும். அடைமழையில் வரும். ஆறு பெருக்கெடுத்து ஓடும்போதும் வரும். பக்கத்து ஊரில் வைத்தியசாலையும் வாசலில் வாகனமும் உள்ளவர்களுக்கே அந்த நேரத்தில் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. அப்படியிருக்க, பாதையே இல்லாத மலைக்காட்டில், ஒற்றை அறைக் குடிசையில், உதவிக்கு ஒரு வைத்தியரும் இல்லாத இடத்தில் வலிகண்ட ஒரு பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இது ஏதோ ஒரு வறிய நாட்டின் கதை என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. உலகத்தின் செல்வச் செழிப்பு மிக்க நாடு எனப்படும் ஐக்கிய அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதியில், 1925ஆம் ஆண்டிலும் இதுதான் நிலைமை. நியூயோர்க் நகரில் வானளாவிய கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், அந்த மலைகளில் மோட்டார் வாகனம் செல்லத்தக்க ஒரு பாதைகூட இருக்கவில்லை. ஓடைகளின் படுக்கைகளே பாதைகளாக இருந்தன. கோடையில் கல்லும், மாரியில் வெள்ளமும், குளிர்காலத்தில் பனிக்கட்டியும் அவற்றை நிறைத்தன.

அந்த ஓடைகளின் வழியே குதிரையேறிச் சென்று தாய்மாரையும் சிசுக்களையும் காப்பாற்றிய தாதியர் படையொன்றை உருவாக்கியவர் மேரி பிரெக்கின்ரிட்ஜ் என்ற பெண்மணி. 1881இல் பிறந்து 1965இல் மறைந்த அவரைப் பற்றி நம் வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். தாதியம் என்றால் புளோரன்ஸ் நைட்டிங்கேலின் பெயரோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். ஆயினும் மேரியின் வாழ்வில், குறிப்பாகப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கும், பெரிய படிப்பினை ஒன்று இருக்கிறது.

பெரிய வீட்டுப் பிள்ளை

மேரி சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். அவருடைய பாட்டனார் ஜோன் பிரெக்கின்ரிட்ஜ் 1857 முதல் 1861 வரை அமெரிக்காவின் உப ஜனாதிபதியாக இருந்தவர். தந்தை அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினராக இருந்து, பின்னர் 1894இல் ரஷ்யாவுக்கான தூதுவராக நியமிக்கப்பட்டவர். எனவே மேரியின் இளம்பராயத்தின் ஒரு பகுதி சென் பீற்றர்ஸ்பேர்க்கில் கழிந்தது. கல்வியில் ஒரு பகுதி சுவிட்சர்லாந்தில் கிடைத்தது.

ரஷ்யாவில் இருந்தபோது அவருக்கு ஒரு தம்பி பிறந்தான். அந்தப் பிரசவத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர் பயிற்சி பெற்ற ஒரு ரஷ்ய மருத்துவமாது. அமெரிக்காவில் அத்தகைய மருத்துவமாது எவரும் அக்காலத்தில் மேட்டுக்குடி வீடுகளுக்கு வருவதில்லை. சிறுமியின் மனத்தில் இது பதிந்துவிட்டது. பிற்காலத்தில் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது அதனை அவர் நினைவுகூர்ந்தார்.

அந்தக் குடும்பங்களில் பெண்பிள்ளைகளும் குதிரையேற்றம் கற்றார்கள். மேரிக்குக் குதிரை என்றால் உயிர். கூரைக்குக் கீழே அடைந்து கிடப்பதை விட மரநிழலிலும் ஆற்றங்கரையிலும் திரிவதே அவருக்குப் பிடித்தது. ஆனால் ஒரு பெரிய வீட்டுப் பெண்ணின் இந்த விருப்பத்தால் யாருக்கு என்ன பயன் என்று அன்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதற்கான விடை கிடைக்க நாற்பது வருடங்கள் செல்ல வேண்டியிருந்தது.

அடுக்கடுக்காக வந்த இழப்புகள்

1904இல் மேரிக்குத் திருமணம் நடந்தது. இரண்டே ஆண்டுகளில் கணவர் நோயுற்று மரணமானார். இருபத்தைந்து வயதில் விதவையான மேரி, வீட்டில் அழுதுகொண்டிருக்கவில்லை. நியூயோர்க்கில் உள்ள சென் லூக்ஸ் வைத்தியசாலையில் தாதிப் பயிற்சியில் சேர்ந்தார். உப ஜனாதிபதியின் பேத்தி நோயாளிகளின் படுக்கையை விரித்தார், மலசலப் பாத்திரம் கழுவினார். 1910இல் பயிற்சியை முடித்துத் தாதியானார்.

1912இல் மறுமணம் செய்தார். கணவர் ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியின் தலைவர். 1914இல் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிரெக்கி என்று செல்லமாக அழைத்தார்கள். 1916இல் ஒரு பெண் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. அது சில மணி நேரமே உயிரோடிருந்தது. அந்தத் துயரத்தை மகனின் முகத்தைப் பார்த்து அவர் ஆற்றிக்கொண்டார். ஆனால் 1918 ஜனவரியில், நான்கு வயது பூர்த்தியாகிச் சில நாட்களே சென்றிருந்த நிலையில், பிரெக்கியும் நோயுற்று இறந்துபோனான்.

தந்தவன் எடுத்துக்கொண்டான் என்று நாம் சொல்வோம். சொல்வது இலகு. ஆனால் சின்னச் சட்டையை மடித்து வைக்கும் தாயின் கைக்குத்தான் அதன் பாரம் தெரியும். இதனை வாசிக்கும் சகோதரிகளில் அந்தப் பாரத்தை அறிந்தவர்கள் இருப்பீர்கள்.

திருமணமும் நிலைக்கவில்லை. 1920இல் விவாகரத்தாயிற்று. நாற்பதை நெருங்கும் வயது. கணவர் இல்லை, பிள்ளை இல்லை, வீடும் இல்லை. மேரி பழையபடி தன் பிறந்த வீட்டுப் பெயரையே சூட்டிக்கொண்டார். இனித் தன் வாழ்நாளைப் பிறர் பெற்ற பிள்ளைகளுக்காகச் செலவிடுவது என்று தீர்மானித்தார். இறந்துபோன தன் இரண்டு பிள்ளைகளுக்கும் தான் எழுப்பும் நினைவுச் சின்னம் கல்லால் ஆனதாக இருக்கக் கூடாது என்று அவர் எண்ணினார்.

பிரான்சில் கற்ற பாடம்

முதலாம் உலக யுத்தம் முடிந்த கையோடு அவர் பிரான்சுக்குப் போனார். அழிந்த கிராமங்களில் மக்கள் இடிந்த சுவர்களுக்கிடையே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். குழந்தைகளுக்குப் பால் இல்லை. பசுக்களை யுத்தம் கொண்டுபோய்விட்டது. மேரி தன் நாட்டிலுள்ள நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். மருந்து கேட்கவில்லை. ஆடு வாங்கப் பணம் கேட்டார். பால் தரும் ஆடுகள் வாங்கிக் கொடுக்கப்பட்டன. நோயாளி வரும்வரை காத்திருக்காமல், வீடு வீடாகச் சென்று பார்க்கும் தாதியர் சேவையொன்றையும் அங்கே அவர் கட்டியெழுப்பினார்.

அங்கேதான் அவர் ஒரு முக்கியமான விடயத்தைக் கண்டுகொண்டார். பிரான்சில் மருத்துவமாதர் இருந்தார்கள், ஆனால் அவர்கள் தாதியர் அல்லர். அமெரிக்காவில் தாதியர் இருந்தார்கள், ஆனால் அவர்களுக்குப் பிரசவம் பார்க்கும் பயிற்சி இல்லை. இங்கிலாந்திலிருந்து வந்த சிலரோ இரண்டும் கற்றவர்களாக இருந்தார்கள். நோயையும் அறிவார்கள், பிரசவமும் பார்ப்பார்கள். வைத்தியர் இல்லாத ஊருக்கு வேண்டியது இத்தகைய ஒருவரே என்பதை மேரி உணர்ந்தார்.

முதலில் ஆராய்ச்சி

நல்லெண்ணம் மட்டும் இருந்தால் போதும், உடனே இறங்கிவிடலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மேரி அப்படிச் செய்யவில்லை. 1923 கோடையில் கிழக்குக் கென்டக்கியின் மூன்று மாவட்டங்களைக் குதிரையில் சுற்றினார். சுமார் 650 மைல் தூரம். 13 குதிரைகளையும் 3 கோவேறு கழுதைகளையும் மாறி மாறிப் பயன்படுத்தினார். வழியில் கிடைத்த குடிசைகளில் தங்கினார். பரம்பரை பரம்பரையாகப் பிரசவம் பார்த்துவந்த 53 மருத்துவிச்சிகளைத் தேடிச் சென்று உரையாடினார்.

அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். எழுத்தறிவு அற்றவர்கள் பலர். பிரசவ வலியை ‘வெட்டுவதற்காக’க் கட்டிலின் கீழே கோடரி வைக்கும் வழக்கம் அந்த மலைகளில் இருந்தது. இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் இரும்புத் துண்டு வைத்த பாட்டிமார் நம் ஊர்களிலும் இருந்தார்கள். அந்த மூதாட்டிகள் கெட்டவர்கள் அல்லர். வேறு எவரும் வராத வீட்டுக்கு அவர்களாவது வந்தார்கள். ஆனால் இரத்தப் பெருக்கு ஏற்பட்டால், குழந்தை குறுக்கே கிடந்தால், அவர்களுக்குச் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஆராய்ச்சி முடிந்ததும் மேரி இலண்டன் சென்று, நாற்பத்திரண்டு வயதில், மீண்டும் மாணவியானார். தன்னிலும் மிக இளைய பெண்களோடு அமர்ந்து பிரசவக் கலையைக் கற்றுச் சான்றிதழ் பெற்றார். பின்னர் ஸ்கொட்லாந்தின் மலைப்பகுதிகளுக்கும் தீவுகளுக்கும் போனார். சிதறி வாழும் ஏழை மக்களுக்குத் தாதியர் மூலம் சேவை வழங்கும் திட்டமொன்று அங்கு ஏற்கனவே நடந்துவந்தது. எங்கே நிலையம் அமைக்கிறார்கள், செலவை யார் தருகிறார்கள், வைத்தியரை எப்படி அழைக்கிறார்கள் என்பவற்றையெல்லாம் ஊர் ஊராகப் பார்த்து அறிந்துகொண்டார். கென்டக்கியில் அவர் பின்னர் செய்தது அந்தத் திட்டத்தைத் தன் மலைகளுக்கு ஏற்றவாறு அமைத்ததுதான்.

ஐந்து மைலுக்கு ஒரு தாதி

1925இல் சேவை தொடங்கியது. 1928இல் அதற்கு ‘எல்லைப்புறத் தாதியர் சேவை’ என்று பெயர் வழங்கலாயிற்று. லெஸ்லி மாவட்டத்தின் ஹைடன் என்ற சிற்றூர் அதன் நடுநாயகம். ஆரம்பச் செலவுக்கு மேரி தன் சொந்தப் பணத்தைப் போட்டார். ஆற்றங்கரையில், பெரிய மரங்களின் நிழலில், மரக்குற்றிகளால் ஒரு வீட்டைக் கட்டுவித்தார். வென்டோவர் எனப்படும் அந்த வீடே அவருடைய வாசஸ்தலமாகவும் தலைமையகமாகவும் இறுதிவரை விளங்கியது.

1928இல் ஹைடனில் ஒரு சிறிய வைத்தியசாலை திறக்கப்பட்டது. திறந்து வைப்பதற்காக ஸ்கொட்லாந்திலிருந்து, அந்த மலைநாட்டுச் சேவையை உருவாக்கியோரில் ஒருவரான சேர் லெஸ்லி மக்கென்சி வந்திருந்தார். அதனைச் சுற்றி, பல மைல்களுக்கு அப்பால், கிளை நிலையங்கள் அமைந்தன. ஒவ்வொரு நிலையமும் தன்னைச் சுற்றிச் சுமார் ஐந்து மைல் தூரத்துக்குள் உள்ள வீடுகளைப் பொறுப்பேற்றது. ஏன் ஐந்து மைல்? வலிகண்ட தாயிடம் குதிரையில் சரியான நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தூரம் அதுதான். வரைபடத்தைப் பார்த்து அல்ல, குதிரையின் கால்களைப் பார்த்துத் திட்டமிட்டார்கள். காலப்போக்கில் இந்தச் சேவை சுமார் 700 சதுர மைல் பரப்பைத் தழுவியது.

இப்போது அந்தத் தாதியரின் வேலையைச் சற்றுப் பார்ப்போம்.

ஒரு பெண் கருவுற்றதை அறிவித்ததும் அவள் பெயர் பதியப்படும். தாதி குதிரையில் வந்து ஒழுங்காகப் பார்த்துப் போவார். பேறுகாலம் நெருங்கும்போது வருகை அடிக்கடி நிகழும். எந்தக் கர்ப்பிணிக்கு ஆபத்து இருக்கிறது என்பதை முன்கூட்டியே கண்டு, அவளை வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்வார்கள். ஏனையோருக்கு வீட்டிலேயே பிரசவம். அதன் பின்னரும் பல நாட்கள் தொடர்ந்து வந்து தாயையும் சேயையும் கவனிப்பார்கள். வைத்தியர் அருகில் இல்லாதபோது எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதற்கு வைத்தியர்கள் ஒப்புதல் அளித்த எழுத்து மூலமான விதிக்கோவை ஒன்று ஒவ்வொரு தாதியிடமும் இருந்தது. துணிவு வேறு, தான்தோன்றித்தனம் வேறு என்பதை மேரி நன்கு அறிந்திருந்தார்.

அவர்களுடைய வைத்தியசாலை சேணத்தின் இருபுறமும் தொங்கிய தோல் பைகளில் இருந்தது. பொதுச் சிகிச்சைக்கு ஒரு சோடிப் பை, பிரசவத்துக்கு வேறு ஒரு சோடி. நிரப்பிய சோடி ஒன்றின் பாரம் சுமார் 40 இறாத்தல். சவர்க்காரம், தூரிகை, கத்தரிக்கோல், சுத்தமான துணி, மருந்துகள், பிறந்த குழந்தையின் கண்ணில் இடும் துளிமருந்து, குழந்தைக்கான உடுப்பு எல்லாம் அதில் இருக்கும். நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் சேணத்தைப் பூட்டிப் பையை எடுத்துப் போட்டுப் புறப்பட வேண்டியதுதான்.

அங்கே எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. தகப்பன் எங்களைத் தேடி வந்துசேர முடிந்தால், நாங்களும் தாயிடம் போய்ச்சேர முடியும் என்பதே அது. மழை, வெள்ளம், பனி என்று எந்தக் காரணமும் எடுபடாது. கணவன் முன்னே விளக்கைப் பிடித்துச் செல்வான், தாதியின் குதிரை பின்னே செல்லும். பெருகிய ஆற்றில் சேணத்தின் உயரத்துக்குத் தண்ணீர் வந்தால், பையைத் தோளில் தூக்கிக்கொண்டு குதிரையை நீந்த விடுவார்கள்.

பிரசவத்துக்கும் அதற்கு முன்னும் பின்னும் செய்யும் எல்லாக் கவனிப்புக்கும் சேர்த்துக் கட்டணம் ஐந்து டொலர். பணம் இல்லாதவர்கள் சோளம் கொடுத்தார்கள், குதிரைக்குத் தீனி கொடுத்தார்கள், வேலி கட்டிக் கொடுத்தார்கள். இலவசமாக வாங்குகிறோம் என்ற கூச்சம் அந்த மானமுள்ள மலைவாசிகளுக்கு ஏற்படாதிருக்க இந்த முறை உதவியது. தருமம் செய்வோர் கவனிக்க வேண்டிய இடம் இது. கொடுக்கும் கை உயர்ந்தது என்பதற்காக வாங்கும் கையைத் தாழ்த்திவிடக் கூடாது.

பிரசவத்தோடு வேலை முடியவில்லை. நெருப்புக்காய்ச்சல், தொண்டைக் கரப்பான், அம்மை ஆகியவற்றுக்கு ஊசி ஏற்றினார்கள். கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். கிணற்றையும் மலசலகூடத்தையும் தூர வைக்கச் சொன்னார்கள். பிள்ளைப்பேற்றுக்காக வீட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட தாதி, அந்தக் குடும்பம் முழுவதற்கும் சுகாதார ஆசிரியையாக மாறினார்.

ஆயிரம் பிரசவங்கள்

இவ்வளவு உழைப்பின் பலன் என்ன? மேரி வெறும் பாராட்டுகளில் திருப்தியடையவில்லை. ஒவ்வொரு பிரசவத்துக்கும் பதிவேடு வைக்கச் செய்தார். முதல் ஆயிரம் பிரசவங்களின் பதிவுகளையும் நாட்டின் பெரிய ஆயுள் காப்புறுதிக் கம்பனியான மெட்ரோபொலிட்டன் லைஃப் ஆராய்ந்தது. அறிக்கை 1932இல் வெளியானது. கர்ப்பத்தினாலோ பிரசவத்தினாலோ நேரடியாக ஒரு தாயேனும் அந்த ஆயிரத்தில் இறக்கவில்லை. அக்காலத்தில் அமெரிக்காவில் உயிரோடு பிறக்கும் ஆயிரம் பிள்ளைகளுக்கு ஆறு, ஏழு தாய்மார் வீதம் இறந்துகொண்டிருந்தார்கள். வைத்தியசாலைகளும் நிபுணர்களும் நிறைந்த நகரங்கள் சாதிக்காததை, ஓடைப் படுக்கையில் குதிரை ஓட்டிய தாதியர் சாதித்தார்கள்.

இரகசியம் ஒன்றுமில்லை. பயிற்சி பெற்றவர் ஒருவர் முதல் மாதங்களிலிருந்தே கூட இருந்தார், சுத்தத்தைப் பேணினார், ஆபத்தை முன்கூட்டியே கண்டார், தாய் வரமுடியாத இடத்துக்குத் தானே போனார். அவ்வளவுதான்.

நமக்குப் பெருமை தரும் ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். கென்டக்கியில் இந்தச் சேவை தொடங்கிய அடுத்த வருடம், அதாவது 1926இல், நம் நாட்டின் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. அன்றிலிருந்து வளர்ந்த அமைப்பின் வழியாகத்தான் நம் ஊர்களில் மருத்துவமாதர் வீடு தேடி வருகிறார்கள். ஒன்றைப் பார்த்து மற்றொன்று செய்யப்பட்டதல்ல. இரு நாடுகளிலும் ஒரே உண்மை உணரப்பட்டது.

முறிந்த முதுகு

1931 நவம்பரில் மேரி ஏறிச்சென்ற குதிரை மிரண்டு ஓடியது. கீழே விழுந்த அவருடைய முதுகெலும்பு முறிந்தது. ஐம்பது வயது. இனி இவர் கதிரையில்தான் என்று பலரும் நினைத்திருப்பார்கள். நீண்ட காலம் படுக்கையில் கிடந்தார். அதன் பின் முதுகுக்குத் தாங்கு கட்டிக்கொண்டு எழுந்தார். நாடு பொருளாதார மந்தத்தில் மூழ்கியிருந்த காலம் அது. நன்கொடைகள் வற்றிக்கொண்டிருந்தன. அந்த முதுகோடு நகரம் நகரமாகப் பயணம் செய்து, மேடைகளில் பேசி, தன் சேவைக்குப் பணம் திரட்டினார். குதிரையையும் அவர் கைவிடவில்லை.

1939இல் இரண்டாம் உலக யுத்தம் மூண்டதும் வேறொரு சோதனை வந்தது. அவருடைய தாதியரில் பலர் பிரித்தானியர்கள். தம் நாடு குண்டுவீச்சுக்கு உள்ளாகும்போது இங்கே இருக்க முடியாது என்று அவர்கள் புறப்பட்டார்கள். மேரி அவர்களைத் தடுக்கவில்லை, புலம்பவுமில்லை. அதே வருடம் ஹைடனிலேயே தாதி மருத்துவமாதருக்கான பயிற்சிப் பாடசாலையொன்றை ஆரம்பித்தார். நெருக்கடி தந்த அந்தப் பாடசாலை இன்று ஒரு பல்கலைக்கழகமாக வளர்ந்து, அமெரிக்கா எங்கும் பரவியுள்ள ஆயிரக்கணக்கான தாதியரை உருவாக்கியிருக்கிறது.

குறையும் உண்டு

ஒருவரைப் போற்றும்போது அவருடைய குறையை மறைப்பது நீதியாகாது. மேரியின் பாட்டனார் கறுப்பின மக்களின் அடிமைத்தளையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் தலைவர்களில் ஒருவர். அந்தக் குடும்பச் சூழலில் ஊறிய இனப்பாகுபாட்டு எண்ணங்களை மேரி முற்றாகக் கைவிடவில்லை என்று அவருடைய வாழ்வை ஆராய்ந்தோர் எழுதியிருக்கிறார்கள். மலைக்குடிசையின் ஏழை வெள்ளைத் தாயிடம் கண்ட மனிதத்தைக் கறுப்பினத் தாயிடமும் சமமாகக் காணத் தவறியமை அவர் வாழ்வின் களங்கமே. மனித சேவை செய்பவரின் மனத்திலும் இத்தகைய திரை இருக்கக்கூடும் என்பது நமக்கும் எச்சரிக்கை. நம் அண்டை வீட்டாரை நாம் எந்தக் கண்ணால் பார்க்கிறோம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.

கோழிகளுக்கும் தீனி

முதுமையிலும் மேரி வென்டோவரிலேயே வாழ்ந்தார். வீட்டின் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் மலை. கோழிகளுக்குத் தீனி போடுவதும், செடிகளைக் கவனிப்பதும், குதிரைகளைத் தடவிக் கொடுப்பதும் அவருடைய அன்றாடக் கருமங்கள். நாட்டின் பெரிய மனிதர்கள் அவரைக் காண வந்தபோதும் கோழிகளின் நேரம் கோழிகளுக்கே. 1952இல் தன் வாழ்க்கை வரலாற்று நூலை வெளியிட்டார். ஜீப் வண்டிகள் வந்தன, பாதைகள் வந்தன, குதிரைகள் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றன. 1965 மே 16ஆம் திகதி, 84ஆவது வயதில், அதே வென்டோவரில் அவருடைய உயிர் பிரிந்தது.

1998இல் அமெரிக்க அரசு அவருக்கு முத்திரை வெளியிட்டுக் கௌரவித்தது. அவர் விரும்பிய நினைவுச் சின்னமோ வேறு. பிரெக்கி வாழ்ந்திருக்க வேண்டிய ஆண்டுகளை, அந்த மலைகளில் வேறு ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வாழ்ந்தார்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

பொறுமை என்றால் கையைக் கட்டிக்கொண்டு மூலையில் அமர்ந்திருப்பது என்று பலர் விளங்கிவைத்திருக்கிறார்கள். துயரம் வந்தவர்களுக்கு நாமும் அப்படித்தான் புத்தி சொல்கிறோம். ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று கூறிவிட்டு எழுந்து போகிறோம். மேரியின் வாழ்வு காட்டுவது பொறுமையின் வேறொரு முகத்தை. அழுது தீர்த்த பின் எழுந்து, தன்னிடம் மீதியிருப்பது என்ன என்று தேடிப் பார்ப்பதும் பொறுமைதான். அவரிடம் மீதியிருந்தவை தாதிப் பயிற்சி, கொஞ்சம் பணம், குதிரை மீதும் காடுமலை மீதும் இருந்த ஆசை ஆகியவையே. அந்த ஆசையைக்கூட அவர் வீணாக்கவில்லை. காட்டை நேசிக்காத ஒருவரால் மாரிகால இரவில் அந்த ஓடைகளைக் கடந்திருக்க முடியாது.

நம் பிள்ளைகளிடமும் இத்தகைய ஆசைகள் உண்டு. ஒருத்திக்குத் தோட்டம், ஒருவனுக்குச் சைக்கிள், இன்னொருத்திக்குப் பறவைகள். ‘படிப்பைக் கெடுக்கும் வேலை’ என்று உடனே தடுத்துவிடாதீர்கள். எந்த ஆசை எந்த ஏழையின் வாசலுக்கு வழிகாட்டும் என்பதை நாம் அறியமாட்டோம்.

சகோதரிகளே! உங்கள் ஒழுங்கைக்கும் ஒரு மருத்துவமாது வருகிறார். மேரியின் தாதியரைப் போல் குதிரையில் அல்ல. சிலவேளை ஸ்கூட்டரில், சிலவேளை குடையைப் பிடித்துக்கொண்டு கால்நடையாக. அவர் எந்த இனத்தவராக இருந்தாலும், எந்த மொழி பேசினாலும், உங்கள் மகளின் இரத்த அழுத்தத்தையும் பேரப்பிள்ளையின் நிறையையும் பார்க்கவே அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். ‘அவள் வீட்டில் இல்லை’ என்று வாசலில் வைத்தே அனுப்பிவிடாதீர்கள். உள்ளே அழைத்து, உட்கார வைத்து, குடிக்க ஏதேனும் கொடுங்கள். அவர் சொல்வதை ஒருமுறை முழுமையாகக் கேளுங்கள்.